அம்பின் முனையில் ஒரு பவுன்

என் பெண்ணின் அம்புகள் கோணலாகப் போனதற்கு நான்தான் காரணம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் அவள், "எனக்குத்தான் கை வரலை" என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாய் விட்டும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"அம்புக்கும் அடுப்படிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று என் அக்கா போனில் சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் கணவருக்கு வேலை நாட்டிங்ஹாம் நகரத்துக்கு அருகே. ராபின் ஹூட் கதை படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். அங்கே கோட்டைக்கு வெளியே வில்லை வளைத்துக்கொண்டு ராபின் ஹூட் சிலையாக நிற்கிறான். இந்தப் பக்கத்தில் நம் ஊரில் கோலி விளையாட்டு மாதிரி வில்வித்தை சகஜம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஊருக்கு ஊர் ஒரு வில் கிளப்பாவது இருக்கிறது. அறுபது எழுபது வயதுப் பெண்மணிகள்கூட வில்லும் கையுமாக வந்து இறங்குகிறார்கள்.

என் பெண்ணுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புக்கு ஈடான பொதுப் பரீட்சையை இங்கே பதினாறு வயதில் எழுதவேண்டும். அதற்காகப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து உட்கார்ந்து, மிச்ச நேரத்தில் செல்போனைக் குனிந்து பார்த்துப் பார்த்து, தோள் இரண்டும் முன்னால் விழுந்துவிட்டன. கழுத்து வலி என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரிடம் போனோம். மருந்து ஒன்றும் எழுதித் தரவில்லை. "முதுகுக்கும் தோளுக்கும் வேலை கொடுக்கிற மாதிரி ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்த்துவிடுங்கள்" என்றார். நீச்சலுக்குப் போக மாட்டேன் என்றாள். ஓடுவதும் பிடிக்காது. "வில் விடறதுக்கு வேணா போறேன்" என்று அவளே சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளோடு பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்பது எங்கள் கிளப்பின் விதி. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் நானும் ஒரு பிளாஸ்க் காப்பியும் ஒரு டப்பா புளியோதரையுமாக மைதானத்து ஓரத்தில் போய் உட்காருவேன்.

வில்லில் பல தினுசு உண்டு. சக்கரமும் கண்ணாடியும் வைத்த புதுமாதிரி வில்லெல்லாம் இருக்கிறது. என் பெண் ஆசைப்பட்டது பழைய மாதிரி நீள வில். லாங்போ என்கிறார்கள். ஆள் உயரத்துக்கு ஒரே கம்பு. குறி பார்க்கக் கருவி கிடையாது. அம்பை வைக்கத் தட்டும் கிடையாது, வில்லைப் பிடித்த கையின் மேல்தான் அம்பு உட்காரும். இந்தப் பிரிவில் அம்பின் தண்டு மரமாகவும், பின்னால் ஒட்டுவது நிஜமான பறவை இறகாகவும் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. அவளுக்குக் கொடுத்த வில்லை முழுக்க இழுத்துப் பிடித்தால் 24 பவுண்டு கனம். அதாவது பதினொரு கிலோ அரிசி மூட்டையை மூன்று விரலால் இழுத்து நிறுத்துவது மாதிரி.

அவளுக்கு வில் சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாள். நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். "தோளைக் கீழே விடு. முதுகால் இழு, கையால் இழுக்காதே" என்பார், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் என் பெண் 30 கஜ தூரத்திலிருந்து ஆறு அம்பில் நாலைந்தை இலக்கில் போட ஆரம்பித்துவிட்டாள். வைக்கோல் பலகையின் மேல் ஒட்டிய வட்டத்தில் நடுவே மஞ்சள், அப்புறம் சிவப்பு, நீலம், கறுப்பு, கடைசியில் வெள்ளை. மஞ்சளில் பட்டால் 9, வெள்ளையில் பட்டால் 1. அவள் பெரும்பாலும் நீலத்தில் போடுவாள், எப்போதாவது சிவப்பில். கழுத்து வலியும் குறைந்தது. இரவில் தானாகவே தூங்கப் போனாள். எனக்குப் பரம சந்தோஷம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் குணம் சும்மா இருக்க விடவில்லை. நீலத்தில் போடுகிற பெண் மஞ்சளில் போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது!

சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அண்ணன்மார் மூங்கில் பிளாச்சை வளைத்து வில் செய்வார்கள். தென்னை ஈர்க்குச்சிதான் அம்பு. வெறும் ஈர்க்குச்சியை விட்டால் நாலடி போய்க் குறுக்காகத் திரும்பி விழும். நுனியில் கொஞ்சம் களிமண்ணை உருட்டி வைத்தால் நேராகப் பறந்து பூசணிக் கொடியைத் தாண்டிப் போகும். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "முன்னால் கனம் இருந்தால் அம்பு நேராகப் போகும்." இதுதான் என் சாஸ்திரம். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான் மெய்.

அம்பு முனையின் எடையை இங்கே கிரெயின் கணக்கில் சொல்கிறார்கள். தானிய மணி என்றுதான் அதற்கு அர்த்தம். நம் ஊரில் ஆசாரி குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த மாதிரி இவர்கள் தானிய மணியை வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய பதினைந்தரை கிரெயின் சேர்ந்தால் ஒரு கிராம். என் பெண்ணின் அம்பில் இருந்தது 70 கிரெயின் முனை. அதாவது நாலரை கிராம். கடையில் அதே மாதிரி முனைகள் 100, 125 என்று இன்னும் கனமாகவும் இருந்தன. 125 கிரெயின் என்றால் எட்டு கிராம். எட்டு கிராம் என்றதும் எனக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு பவுன்! இரும்பாக இருந்தால் என்ன, ஒரு பவுன் முனையில் இருந்தால் அம்பு நேராகப் போகாமல் என்ன செய்யும் என்று ஆறு முனை வாங்கிவிட்டேன்.

மாட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. தண்டின் நுனியைப் பென்சில் சீவின மாதிரி கூம்பாகச் சீவியிருப்பார்கள். முனை உள்ளே குடைவாக இருக்கும். நடுவே அரக்கு மாதிரி ஒரு பசை, சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும். கிளப்பில் ஒருவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கேஸ் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, இடுக்கியால் பழைய முனைகளைக் கழற்றி, புது முனைகளைச் சூடு காட்டி மாட்டினேன். காலையில் அவள் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்கேம்மா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தது. முதல் அம்பு இலக்கின் கீழே வலது ஓரத்தில் வெள்ளையைத் தொட்டது. இரண்டாவது புல்லில் போய்ச் செருகியது. மூன்றாவது போகும்போதே மீன் வாலை ஆட்டுகிற மாதிரி பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு போனது. "புதுசு, பழகட்டும்" என்றேன். அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும் அதேதான்.

சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு அப்போது முழங்கால் ஆபரேஷன். ஒன்றரை மாதம் அவர் மைதானத்துக்கே வரவில்லை. மற்றவர்கள் நல்ல எண்ணத்தோடு ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். "முழங்கையைத் தூக்கு" என்றார் ஒருவர். "விரலை மெதுவாக விடு" என்றார் இன்னொருவர். "நிற்கிற நிலையே சரியில்லை" என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்யப் பார்த்ததில் அவள் மூச்சு விடவே மறந்துபோனாள். தோள் மறுபடி மேலே ஏறிவிட்டது. இலக்கைத் தாங்கும் மரக்காலில் ஓர் அம்பு மோதி முனைக்குப் பின்னால் படக்கென்று முறிந்தது. மிச்ச அம்புகளைத் தேடிக் குனிந்து குனிந்து புல்லைத் தடவிக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் வாரம் திரும்பி வரும்போது காரில் வைத்துச் சொன்னேன். "உனக்குக் கவனம் போதாதுடி. பரீட்சைக்கும் இப்படித்தான் படிப்பியோ?" அவள் பதில் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வில்லை உறையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினாள். "அம்மா, நான் இனிமே போகலை. எனக்கு எதுவுமே சரியா வராது" என்றாள். வில் வராது என்று சொல்லவில்லை. 'எதுவுமே' என்றாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அந்த வருஷம் அவளுக்கு நான் என்னென்ன ஏற்பாடு செய்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, சாயங்காலம் வயலின். செவ்வாயும் வியாழனும் கணக்கு டியூஷன். போதாததற்கு, முனையை மாற்றின அதே மாதம், ஞாயிறு காலையில் சயின்ஸ் டியூஷன் ஒன்றும் சேர்த்தேன். "ஒரு மணி நேரம்தானே" என்றேன். அவள் சரி என்றாள். சரி என்று சொல்லுகிற பிள்ளையிடம் நாம் இன்னும் கொஞ்சம் கேட்டுவிடுகிறோம், இல்லையா?

ஆறாம் வாரம் அந்த அம்மாள் கைத்தடியோடு மைதானத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. "அவங்களைப் பார்த்து விசாரிச்சுட்டு வந்துடலாம்" என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன். அம்மாள் அவளை ஆறு அம்பு விடச் சொன்னார். பார்த்தார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. "உன் கை நன்றாகத்தான் இருக்கிறது. அம்பைக் கொடு" என்றார். அம்பை ஆள்காட்டி விரல் மேல் தராசு மாதிரி நிறுத்திப் பார்த்தார். அது நடுவில் நிற்காமல், முனைப் பக்கமாக வெகுவாகத் தள்ளி நின்றது.

"யார் இந்த முனையைப் போட்டது?"

என் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கிளப் கொட்டகைக்குக் கூட்டிப் போய் ஒரு மரச்சட்டத்தைக் காட்டினார். 26 அங்குல இடைவெளியில் இரண்டு முளைகள். அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டார். தண்டு கிட்டத்தட்ட ஓர் அங்குலம் தொய்ந்தது. 26-ஐ அந்தத் தொய்வால் வகுத்தால் வருவதுதான் தண்டின் பலம். அவளுடைய தண்டுக்கு 27 பவுண்டு வந்தது. இந்த விறைப்பை இவர்கள் ஸ்பைன் என்கிறார்கள். முதுகெலும்புக்கும் அதே பெயர்தான்! அவள் வில்லின் 24 பவுண்டுக்கு அந்த விறைப்பு, 70 கிரெயின் முனையோடு, பொருத்தமாக இருந்திருக்கிறது.

"அப்படியானால் கனமான முனை ஏன் அதைக் கெடுத்தது?" என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

நாணிலிருந்து புறப்படும் அம்பு விறைப்பாகப் போவதில்லை. பாம்பு மாதிரி நெளிந்துதான் போகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பௌதிக விஞ்ஞானி அதிவேக கேமராவில் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். அம்பு நெளியத்தான் வேண்டும். ஏனென்றால் நாண் ஓடுவது வில்லின் நடுவை நோக்கி, ஆனால் நடுவில் வில்லின் கட்டை நிற்கிறது. அம்பு அதன் பக்கவாட்டில் அல்லவா இருக்கிறது? வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, பிறகு நிமிர்ந்தால்தான் வால் இடிக்காமல் வெளியே வரும். வளைவு அளவாக இருந்தால் நேரே போகும். தண்டு அதிகமாக வளைந்தால், வலது கையால் இழுப்பவருக்கு அம்பு பெரும்பாலும் வலப்பக்கம் போகும். வளையாமல் விறைத்தால் இடப்பக்கம் போகும்.

முன்னால் கனம் ஏறினால் வளைவு ஏன் கூடுகிறது? ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருப்பவர்கள் திடீரென்று தள்ளுகிறார்கள். முன்னால் நிற்பவர் மெலிந்தவரானால் சட்டென்று நகர்ந்துவிடுவார், வரிசை நேராகவே நகரும். முன்னால் கனத்த ஆசாமி நின்றால்? அவர் அசைவதற்குள் வரிசையின் நடு பக்கவாட்டில் பிதுங்கிவிடும். அம்பிலும் அதேதான். நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஒரு பவுன் முனை நகர மாட்டேன் என்கிறது, நடுவில் அகப்பட்ட மரத்தண்டு வளைகிறது. முனையில் 25 கிரெயின் கூட்டினால் தண்டின் பலம் 5 பவுண்டு கூட இருக்கவேண்டும் என்பது இவர்களுடைய கைக்கணக்கு. நான் கூட்டியது 55 கிரெயின். 27 பவுண்டுத் தண்டு, 16 பவுண்டுத் தண்டு மாதிரி துவண்டுவிட்டது. அதனால்தான் வாலை ஆட்டிக்கொண்டு வலப்பக்கம் போயிற்று. மொத்த எடையும் கூடியதால் வேகம் குறைந்து கீழேயும் இறங்கிற்று.

அந்த 55 கிரெயின் எவ்வளவு தெரியுமா? மூன்றரை கிராம். அரைப் பவுன்கூட இல்லை.

"அப்ப கனமே இல்லாம விட்டா?" என்று என் பெண் கேட்டாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவள் குரலில் உயிர் இருந்தது. அம்மாள் சிரித்தார். "முனையில் கனம் இல்லாவிட்டால் வால் முந்தப் பார்க்கும், அம்பு திசை தெரியாமல் தடுமாறும். முன்னால் கனம் வேண்டும், பின்னால் இறகு வேண்டும். கனம் முன்னே இழுக்கும், இறகு பின்னே பிடித்து நேராக்கும். ஆனால் தண்டு தாங்குகிற அளவுக்குத்தான் கனம்." என் அண்ணன்மாரின் களிமண் உருண்டை ஞாபகம் வந்தது. அவர்களும் பெரிய உருண்டையாக வைத்தால் ஈர்க்குச்சி வளைந்து காலடியில் விழுமே! அதை நான் வசதியாக மறந்திருந்தேன்.

அங்கேயே ஒரு சின்ன அடுப்பைப் பற்றவைத்து மூன்று அம்புகளுக்குப் பழைய 70 கிரெயின் முனையை மாட்டினோம். மீதி இரண்டில் என் 125 அப்படியே இருந்தது. என் பெண்ணின் விரல் மேல் இரண்டு தினுசையும் நிறுத்திப் பார்த்தோம். சமநிலை நிற்கும் இடம் ஒன்றரை அங்குலம் வித்தியாசப்பட்டது. "எது எதுவென்று பார்க்காமல் எடுத்து விடு" என்றார் அம்மாள். ஐந்தும் போயின. மூன்று நீலத்திலும் சிவப்பிலுமாக நெருக்கமாக நின்றன. இரண்டு கீழே வலது ஓரத்தில். போய்ப் பார்த்தால் அந்த இரண்டும் நான் போட்ட முனைகள்.

"அப்ப என் கை இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு. நான்தான்" என்றேன். "உன் மேல கனத்தை ஏத்தினதும் நான்தான், வளைஞ்சியேன்னு திட்டினதும் நான்தான். என்னை மன்னிச்சுடு." பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. என் அம்மா என்னிடம் கேட்டதில்லை. ஆனால் சொன்னவுடன் என் நெஞ்சில் ஒரு கனம் இறங்கினது நிஜம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். "உனக்கு எதை எடுத்துட்டா லேசா இருக்கும்?" வயலினைச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "வயலின் இருக்கட்டும்மா. ஞாயித்துக்கிழமை சயின்ஸை மட்டும் நிறுத்திடலாமா? சயின்ஸ் எனக்கு ஸ்கூல்லயே புரியறது" என்றாள். என் கணவர் முதலில் யோசித்தார், அப்புறம் சம்மதித்தார். நிறுத்திவிட்டோம். பரீட்சையில் என்ன மார்க் என்று கேட்காதீர்கள், பரீட்சை வருகிற கோடையில்தான். ஞாயிறு காலையில் அவள் எட்டரை மணி வரை தூங்குகிறாள், எழுந்து வந்து என்னோடு தோசைக்குச் சட்னி அரைக்கிறாள். இப்போதைக்கு அது போதும்.

கனமே வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆறு முனைகளையும் தூக்கிப் போடவில்லை, கடுகு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் அவள் இன்னும் பலமான வில்லுக்குப் போனால் தண்டும் தடிமனாக வாங்குவோம். அப்போது இதே ஒரு பவுன் முனையை அது சுலபமாகத் தாங்கினாலும் தாங்கும். முனையில் தப்பில்லை. தண்டைப் பார்க்காமல் முனையை வாங்கினதுதான் தப்பு.

பிள்ளைகளை வில்லுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம். வளரும் பிள்ளைகளுக்குக் கை நீளம் கூடிக்கொண்டே வரும். அதனால் அம்பை ஒருபோதும் அளவுக்குக் கட்டையாக வெட்டாதீர்கள். இழுக்கும்போது முனை வில்லுக்கு உள்ளே வந்துவிட்டால் கையைக் குத்திவிடும். மர அம்பை ஒவ்வொரு தடவையும் லேசாக வளைத்து, விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நாணில் ஏற்ற வேண்டும். கீறல் விட்ட அம்பு நாணிலேயே முறியலாம். வில் லேசானதாகவே ஆரம்பிக்கட்டும். முதுகுத் தசையால் இழுக்கப் பழகும்வரை கனத்த வில் தோளைக் கெடுத்துவிடும். அம்பு கோணலாகப் போனால் முதலில் அம்பைப் பாருங்கள், பிறகு பிள்ளையின் கையைப் பாருங்கள்.

நாற்பத்தாறு வயதில் நானும் வில் பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். "இந்த வயசில் எதற்கு?" என்று தயங்கினபோது அந்த அம்மாள்தான் ஒரு கதை சொன்னார். 1908-ல் லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்களுக்கான வில்வித்தையில் தங்கப் பதக்கம் வாங்கிய குவீனி நியூவால் என்ற பெண்மணிக்கு அப்போது வயது 53.  கால்வரை தொங்கும் பாவாடையும் தொப்பியுமாக, 60 கஜத்திலிருந்தும் 50 கஜத்திலிருந்தும் மர அம்புகளை விட்டு ஜெயித்திருக்கிறார். அவருக்கு முன்னால் எனக்கென்ன வயது!

எனக்குக் கொடுத்திருப்பது 20 பவுண்டு வில். போன வாரம் எனக்காக வாங்கின தண்டுகளை மேஜை மேல் பரப்பிவைத்து, சமையலறைத் தராசில் ஒவ்வொரு முனையாக நிறுத்துப் பார்த்தது என் பெண்தான். தண்டைக் கிளப்புக்கு எடுத்துப்போய்ச் சட்டத்தில் வைத்துத் தொய்வையும் அளந்துவிட்டு வந்திருந்தாள்.

"உனக்கு 70 போதும்மா" என்றாள். "ஆசைப்பட்டு அதிகமா கேக்காதே."

கேட்கவில்லை.